கூப்பிட்டால் வரும் கொசுக்கள்

தன் வாழ்நாளில் பதினான்கு வருஷம் ஒரு கொசுவைக்கூட அடிக்காத மனுஷி யாராவது உண்டா என்று கேட்டால், லோஸ் பான்யோஸ் என்கிற ஏரிக்கரை ஊரில் ஒருத்தி இருக்கிறாள் என்று தைரியமாகச் சொல்லலாம். பெயர் புரிபிகாசியோன் மலபனான். மாதாவின் சுத்திகரத் திருநாளன்று பிறந்ததால் சாமியார் வைத்த பெயர். அத்தனை நீளத்தை வாய் நோகக் கூப்பிட யாருக்குப் பொறுமை இருக்கிறது? பூரிங் என்று வெட்டிவிட்டார்கள். மலையடிவாரத்து பூச்சி ஆய்வு நிலையத்தில் வாசல் காவலர் முதல் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் வரை எல்லாருக்கும் அவள் ஆத்தே பூரிங். ஆத்தே என்றால் அங்கே அக்கா. நாற்பத்தெட்டு வயது, குட்டை உருவம், சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும்.

அவள் அங்கே சேர்ந்தது தரை துடைக்க. டெங்குக் கொசுவை வைத்து ஆராயும் பிரிவு அது. ஊரில் பறக்கிற கோடிக் கொசுக்களையும் பிடித்து வந்து விசாரிக்க முடியாதல்லவா? அவற்றுக்குப் பதிலாளாக, நோய்க்கிருமி இல்லாத சுத்தமான கொசுக்களைக் கூண்டில் வளர்ப்பார்கள். இது இப்படிச் செய்தால் வெளியே இருப்பதும் இப்படித்தான் செய்யும் என்று கணக்கு. முட்டையிடப் பெண் கொசுவுக்கு ரத்தம் வேண்டும். அதற்கென்று நாலைந்து கினிப் பன்றிகள் இருந்தன. ஒரு தடவை பன்றிக்கான அனுமதித் தாள் மேலிடத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு வாரமாகக் கொசுக்கள் பசியில் செத்து விழுந்துகொண்டிருந்தன. பூரிங் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"எங்க வீட்டுல தினமும் ஓசியில குடிக்குதுங்க டாக். இங்கயாவது சம்பளத்தோட குடிக்கட்டும்" என்றாள்.

டாக்டர் அமாதோர் அந்தப் பிரிவின் தலைவர். சிரிப்பதற்கு முன்னால் யோசிக்கிற ஆள். அவளை மருத்துவரிடம் காட்டி, தாளில் கையெழுத்து வாங்கி, கை தடிக்கிறதா என்று மூன்று நாள் பார்த்தார். தடிக்கவில்லை. அவருக்கு ஒரு கொசு கடித்தாலே கை பந்தாகிவிடும். இவளுக்கோ எறும்பு ஊர்ந்த அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். பன்றிகள் அதற்கப்புறம் தேவைப்படவில்லை. துடைப்பம் வேறு ஆளுக்குப் போனது. பூரிங் பன்னிரண்டு கூண்டுக்கு அம்மாவானாள்.

இதை லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை ஆறு கூண்டு, வெள்ளிக்கிழமை ஆறு கூண்டு, ஒவ்வொன்றிலும் பத்து நிமிஷம் கை இருக்க வேண்டும். வாசனை சோப்பு கூடாது. இடுப்புப் பிடித்தால் தைலம் கூடாது. சொந்த மகளின் பதினெட்டாவது பிறந்தநாள் விருந்தில் ஊரே மணக்க மணக்க வந்திருந்தபோது, பெற்றவள் மட்டும் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு நின்றாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை.

"கல்யாணம் ஆன புதுசுல நான் வாங்கிக் குடுத்த சென்ட் பாட்டில் அப்படியே இருக்கு. அதுங்களுக்காக இவ அழகைக்கூட விட்டுட்டா" என்று அவள் புருஷன் தென்சியோ தான் வாடகைக்கு ஓட்டும் டிரைசிக்கிளின் ஸ்டாண்டில் சொல்லித் திரிவான். சொல்லும்போது அவன் முகத்தில் வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம். ஏனென்றால் அந்தக் கொசுக்களுக்குப் பொண்டாட்டியின் பெயரையே வைத்துவிட்டார்கள். 'பூரிங் வகைக் கொசுக்கள் பயன்படுத்தப்பட்டன' என்று ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் அச்சாகி வரும். கொசுவர்த்தி, பூச்சு மருந்து, வலைத்துணி என்று எதைச் சோதிப்பதானாலும் பூரிங் வகையைத்தான் கேட்பார்கள். அப்படிச் சுறுசுறுப்பாக வந்து கடிக்கிற கொசு வேறெங்கும் கிடைக்காது என்று பேர்.

அந்தச் சுறுசுறுப்புக்குத் தன் வளர்ப்புதான் காரணம் என்பது பூரிங்கின் எண்ணம். அந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று "தாவோ போ!" என்று குரல் கொடுக்க வேண்டும். மனுஷ ஆள்தான் வந்திருக்கிறேன் ஐயா என்று அர்த்தம். குரல் கொடுக்காமல் நுழைகிறவன் திருடன், அல்லது பேய். பூரிங் கூண்டு வாசலிலும் மரியாதையை விடவில்லை. சட்டத்தில் மூன்று தட்டுத் தட்டுவாள், வலைக்குக் கிட்டே குனிந்து "தாவோ போ!" என்பாள், பிறகுதான் கையை உள்ளே விடுவாள். விட்ட மாத்திரத்தில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கறுப்பாக வந்து உட்கார்ந்துவிடும்.

"பாத்தீங்களா? கூப்பிட்டா வந்து நிக்குதுங்க. என் பிள்ளைங்க எட்டு தடவ கூப்பிட்டாலும் வராதுங்க" என்பாள்.

இப்படியிருக்கும்போதுதான் ரிஸ்ஸா வந்து சேர்ந்தாள். இருபத்தாறு வயது, இயந்திரப் பொறியியல் படித்த பெண், இலோயிலோவிலிருந்து. இலோயிலோக்காரர்கள் திட்டினாலும் தாலாட்டுவது போலத்தான் கேட்கும். இவள் பேச்சும் அப்படியே. ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுவாள், கூண்டுப் பக்கமே வரமாட்டாள். ஆனால் கொசு பிடிக்க ஒரு பொறி செய்திருந்தாள். கறுப்பு வாளி, உள்ளே சின்ன மின்விசிறி, உடம்புச் சூட்டுக்கு ஒரு கம்பி, வாய்ப்பக்கம் வெள்ளைத் துணி. கிட்டே வரும் கொசுவைக் காற்று உள்ளே இழுத்துக்கொள்ளும்.

முற்றத்தில் அறை அளவுக்கு ஒரு வலைக்கூடம் உண்டு. அதற்குள் வாளியை வைத்து, நூறு பெண் கொசுக்களை விட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். விடுவது பூரிங்கின் வேலை. பத்து தடவை செய்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வாளிக்குள் கிடந்தது. ரிஸ்ஸா துள்ளிக் குதித்துப் பூரிங்கைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் அமாதோர் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

அந்தத் தொண்ணூற்றிரண்டை ரிஸ்ஸா கணினியில் போட்டாள். ஏரிக்கரைச் சாந்தா ரீத்தா பகுதியை வீடு வீடாக அதற்குள் கட்டி வைத்திருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள், ஒவ்வொரு பழைய டயரிலும் கொசுக்கள், காய்ச்சல் வந்த வீடு சிவப்பு, வராத வீடு பச்சை. ஒரு மழைக்காலம் முழுவதும் நாலே நிமிஷத்தில் ஓடிவிடும்.

"இதுல எதுடி நம்மளுது?" என்று பூரிங் திரையில் மூக்கு படக் குனிந்து பார்த்தாள்.

"எல்லாமே உங்களதுதான் ஆத்தே. உங்க கொசு எப்படி நடந்துக்குதோ, அப்படியே இதுங்களும் நடந்துக்கும்னு சொல்லிக் குடுத்திருக்கேன்."

வாளி இல்லாத மழைக்காலத்தில் இருநூற்றுப் பத்து வீடு சிவந்தது. வீட்டுக்கு ஒரு வாளி வைத்தால் முப்பதுதான். பூரிங்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாந்தா ரீத்தாவில் மழை தொடங்கினால் தாய்மார்கள் வேலியோரம் அம்மான் பச்சரிசிச் செடியைத் தேடிப் பிடுங்குவார்கள், கஷாயம் வைத்துக் காய்ச்சல் பிள்ளைக்குக் கொடுக்க. அதை அவளும் பிடுங்கியிருக்கிறாள்.

ஜூன் மாதம் பன்னிரண்டு வீட்டில் வாளிகளை வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் பன்னிரண்டு வாளிக்கும் சேர்த்துப் பத்தொன்பது கொசு, இரண்டு அந்துப்பூச்சி, ஒரு பல்லி வால். அதே வீடுகளில் ஆட்கள் கொசுக்கடியில் சொறிந்துகொண்டு நின்றார்கள். பகுதித் தலைவரான கபித்தான் வாளியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இன்ஜினியர், இதுல துணி ஊற வெச்சா வீட்டுப் பொம்பளைங்களுக்காவது உபயோகப்படும்" என்றார்.

கூட்டம் சிரித்தது. ரிஸ்ஸாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மறுநாள் டாக்டர் அமாதோர் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். "உள்ள தொண்ணூத்தி ரெண்டு, வெளிய ஒண்ணுமில்ல. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. பொறி பொய்யா, கொசு பொய்யா? பொறி பொய்னா, ரிஸ்ஸா, உன் திட்டத்த இந்த மாசத்தோட மூட வேண்டியதுதான். கொசு பொய்னா..." என்று நிறுத்தி, பூரிங்கைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார். "பன்னெண்டு கூண்டையும் காலி பண்ணிட்டு, வெளியிலருந்து முட்டை கொண்டாந்து முதல்லருந்து வளர்க்கணும்."

"என் கொசு பொய் சொல்லாது டாக்" என்றாள் பூரிங். சொல்லிவிட்டு ரிஸ்ஸாவின் முகத்தைப் பார்த்தாள். இப்படிச் சொன்னால் அந்தப் பெண்ணின் பொறியைப் பொய் என்று சொன்னதாகிறதே என்று அப்புறம்தான் உறைத்தது.

அடுத்த வாரம் வாளிகளைத் திரும்ப எடுத்து வர ஆள் இல்லை. தென்சியோவின் டிரைசிக்கிளில் பூரிங்கே போனாள். அவன் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு யாருடனோ சேவல் கதை பேசப் போய்விட்டான். கடைசி வீடு ஆலிங் சேபாவுடையது. எழுபது வயதுக் கிழவி, காது மந்தம், பின்கட்டில் வானொலியை அலறவிட்டுக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வாளி வாசற்படியோரம் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"தாவோ போ!" என்றாள் பூரிங். பதிலில்லை. வாளிக்குள் என்ன கிடக்கிறது என்று குனிந்துகொண்டே மறுபடி, "தாவோ போ! ஆலிங் சேபா!" என்றாள்.

செருப்புத் தட்டுக்கு அடியிலிருந்து ஒரு கொசு எழுந்தது. நேராக அவள் வாயைப் பார்த்து வந்தது. வாளியின் காற்று அதைச் சுருட்டி உள்ளே இழுத்தது.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது இரண்டு வந்தன. நாலாவது தடவை வாயைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றாள். கைபேசியை எடுத்து மணி பார்த்தாள். வாயை மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. பிறகு குனிந்து, வாளி வாய்க்கு மேலே ஐந்து நிமிஷம் தாவோ போ, தாவோ போ என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். ஏழு வந்தன. இன்னொரு தடவை மூடினாள், ஒன்றுமில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள், ஐந்து.

வலைக்கூடத்தில் அந்தப் பத்து தடவையும் அவள் என்ன செய்தாள்? கொசுக் கிண்ணத்தின் மூடியை வெளியிலிருந்து கயிற்றால் இழுத்துத் திறக்க வேண்டும். கயிறு சிக்கிக்கொள்கிறது என்று அவளே உள்ளே போனாள். கிண்ணத்தை வாளிக்குப் பக்கத்தில் வைத்து, மூன்று தட்டுத் தட்டி, மேலே குனிந்து, கடைசிக் கொசு கிளம்பும்வரை கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள். செய்முறைத் தாளில் 'கொசுக்களை விடுவிக்கவும்' என்று ஒரே வரிதான் இருந்தது. எப்படி விடுவிப்பது என்று யாரும் எழுதவில்லை, யாரும் கேட்கவுமில்லை. தொண்ணூற்றிரண்டு கொசுவும் வாளிக்கு வரவில்லை. இவள் கூப்பிடும்போது வாயிலிருந்து வந்த மூச்சுக்கு வந்தன, வாளி வழியில் இருந்தது.

"ஏம்மா," என்று பின்னாலிருந்து ஆலிங் சேபாவின் குரல் கேட்டது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றாள். "வீட்டுல ஆள் இருக்கறப்ப எதுக்கு வாளிகிட்ட பேசிக்கிட்டிருக்க?"

திரும்பி வரும் வழியில் பூரிங் பேசவே இல்லை. பூரிங் பேசாமல் வந்தால் தென்சியோவுக்கு வண்டி ஓட்ட வராது. ஏரிக்கரை மேட்டில் ஓரமாக நிறுத்தினான். எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நீ சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டான்.

"டாக் வெளிக் கொசுவையும் நம்ம கொசுவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாரு. நம்மளது வேற மாதிரின்னா, கூண்டெல்லாம் காலி."

"சொல்லாட்டி?"

"பொறி பொய்யின்னு முடிவாயிடும். அந்தப் பொண்ணு மூட்டையக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடும்."

"நீ எந்தப் பக்கம்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்து அழுதுக்கிட்டிருக்கேன்?"

தென்சியோ தலையைச் சொறிந்தான். "கொசுவுக்காக அழுவுற பொம்பளைய இந்த மாகாணத்துலயே நான் ஒருத்தன்தான் கட்டியிருக்கேன்" என்றான். இறங்கிப் போய்ச் சூடாக நாலு பந்தெசால் ரொட்டி வாங்கி வந்து அவள் மடியில் வைத்தான்.

மறுநாள் காலையில் ரிஸ்ஸா கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் பெட்டி திறந்து கிடந்தது. திருகாணி, கம்பி, விசிறி எல்லாவற்றையும் பழைய சட்டையில் சுற்றிச் சுற்றி அதில் அடுக்கியிருந்தாள்.

"வாங்க ஆத்தே. தொண்ணூத்தி ரெண்ட எடுத்துட்டு நெசமான நம்பரப் போட்டுப் பாத்தேன்" என்றாள். திரையில் சாந்தா ரீத்தா சிவந்துகொண்டே போனது. டயர் கடையைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி, ஏரிக்கரை நெடுக. "வாளி வெச்சாலும் ஒண்ணுதான், வெக்காட்டியும் ஒண்ணுதான். என் பொறி பொய் ஆத்தே. டாக்குக்குக் கடிதம் எழுதிட்டேன். அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல. அவரு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு."

அந்தத் தாலாட்டுக் குரலில் இதைக் கேட்க பூரிங்கால் முடியவில்லை. கண் எதிரே சிவந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வீடு என்பதையும் மறக்க முடியவில்லை. ரிஸ்ஸாவின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"கடிதத்தக் கிழி. பொறி பொய் இல்ல. பொய் நான்தான்."

"என்ன ஆத்தே சொல்றீங்க?"

"நான் வாயத் தெறந்தேன்டி. பத்து தடவயும் வாயத் தெறந்தேன். நீ வாளி செஞ்சிருக்க, ஆனா அது மூச்சு விடல. நான்தான் அதுக்கும் சேத்து விட்டேன்."

புரிய ரிஸ்ஸாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கடிதத்தோடு எழுந்து டாக்டர் அறைக்கு ஓடினாள். பூரிங் ஓடவில்லை. கூண்டறைக்குப் போய், அன்றைய சர்க்கரைத் தண்ணீரை மாற்றி வைத்துவிட்டு, மெதுவாகப் பின்னால் போனாள்.

சாந்தா ரீத்தாவின் டயர்களிலிருந்தும் பூஜாடிகளிலிருந்தும் முட்டை எடுத்து வந்து வளர்க்க மூன்று வாரம் பிடித்தது. யார் வளர்த்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பூரிங்தான். வேறு யாருக்கும் அந்தக் கை கிடையாது. தன் கொசுக்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வரும் கொசுக்களின் புழுக்களுக்குத் தானே தீனி போட்டாள், தானே தண்ணீர் மாற்றினாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை, வாய்தான் சும்மாயிருக்கவில்லை.

"பாருங்க இதுங்கள. கூண்டத் தொட்டாலே மூலைக்கு ஓடுதுங்க. டயர்ல பொறந்தா அப்படித்தான் இருக்கும், வளர்ப்பு சரியில்ல" என்று உதட்டைக் குவித்துக் கூண்டைக் காட்டுவாள்.

வலைக்கூடத்தில் சோதனை நடந்தது. முதலில் ஆள் யாரும் உள்ளே போகாமல், கயிற்றை இழுத்துக் கிண்ணத்தைத் திறந்தார்கள். பூரிங் வகையில் நூற்றுக்குப் பதினைந்து வாளிக்கு வந்தது, வெளிக் கொசுவில் பதினான்கு. பூரிங் எழுந்து நின்று, "பாத்தீங்களா, ரெண்டும் ஒண்ணுதான் டாக்! ரெண்டும் ஒண்ணுதான்!" என்றாள். அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அடுத்து பூரிங்கை உள்ளே அனுப்பி, எப்போதும் செய்வது போலவே செய்யச் சொன்னார்கள். தட்டினாள், குனிந்தாள், கூப்பிட்டாள். வெளிக் கொசு நாற்பது வந்தது. பூரிங் வகை தொண்ணூற்றிரண்டு. ஐந்து நாள் திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஒன்றிரண்டு முன்னே பின்னே, அதேதான்.

டாக்டர் அமாதோர் அவளைத் தன் அறையில் உட்கார வைத்து, அவரே காப்பி கலந்து கொடுத்தார். பதினான்கு வருஷத்தில் முதல் தடவை.

"நீ ஒரு கூண்டுக்கு எவ்வளவு நேரம் கை குடுப்ப?"

"பத்து நிமிஷம் டாக்."

"கூப்பிட்டதும் ஓடி வந்தது வயிறு நிறையக் குடிச்சுது, முட்டை போட்டுது. யோசிச்சுக்கிட்டு மூலையில நின்னது பட்டினியா செத்துது. அதுக்கு வாரிசு இல்ல. இப்படியே பதினாலு வருஷம், நூத்தி அறுபது தலைமுறை. கூப்பிட்ட குரலுக்கு வர்றதோட வம்சம் மட்டும்தான் கூண்டுல மிஞ்சியிருக்கு. வெளிய அப்படி இல்ல பூரிங். வெளிய பயந்ததும் இருக்கு, சோம்பேறியும் இருக்கு. நம்ம கொசு இப்ப ஊர்க் கொசுவுக்குப் பதிலாள் இல்ல. உன் வீட்டுக் கொசு."

"அப்ப நான் வளர்த்தது தப்பா?"

"ரொம்ப நல்லா வளர்த்துட்ட. நான் அதப் பாத்து சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன்னு கேக்கல. தப்பு என்னுது. பத்திரிகைக்கெல்லாம் நான்தான் எழுதப்போறேன்."

பூரிங் காப்பியைக் குடிக்கவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழம வரைக்கும் விடுங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

இதற்கிடையில் ரிஸ்ஸாவின் வாளி மூச்சு விடக் கற்றுக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் வெல்லத் தண்ணீரும் ரொட்டிக்குப் போடும் ஈஸ்டும் ஊற்றி, குழாய் வைத்து வாளி வாயோடு இணைத்தாள். நுரைத்துக்கொண்டு காற்று வந்தது, மனுஷ மூச்சில் இருக்கும் அதே கரியமில வாயு. வெளிக் கொசு நூற்றுக்கு முப்பத்தெட்டு வந்தது. கணினியில் போட்டால் முப்பது வீடு அல்ல, தொண்ணூறு வீடு சிவந்தது. டயரையும் கவிழ்த்து வைத்தால் அறுபது.

"தொண்ணூத்தி ரெண்டு மாதிரி அழகா இல்ல ஆத்தே" என்றாள் ரிஸ்ஸா.

"இது நெசம். அது என்னைப் புகழ்ந்து பேசுன நம்பர்" என்றாள் பூரிங்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. விதிப்படி கொசுக்களை உறைபெட்டியில் வைத்துத்தான் முடிக்க வேண்டும். பெட்டி கதவு திறந்து தயாராக இருந்தது. பூரிங் அதன் பக்கம் போகாமல் முதல் கூண்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"பூரிங், இன்னும் கால்மணி நேரத்துல எல்லாம் முடியப்போகுது. எதுக்கு வீணா ரத்தம்?" என்றார் டாக்டர்.

"எங்க வீட்டுலருந்து யாரையும் பசியோட அனுப்புனது இல்ல டாக். இன்னிக்கு மட்டும் புதுசா ஆரம்பிக்கணுமா?"

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பூரிங் வலது கையை ஒரு கூண்டிலும் இடது கையை இன்னொன்றிலும் விட்டாள். பன்னிரண்டு கூண்டு இருக்கிறதே, எந்தக் காலத்தில் முடிக்கப் போகிறாள் என்று எல்லாரும் நின்றபோது, ரிஸ்ஸா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுகிறவள், கண்ணை இறுக மூடிக்கொண்டு மூன்றாவது கூண்டில் கையை விட்டாள்.

கொசுக்கள் அவளைச் சட்டை செய்யவில்லை. கூண்டின் பூரிங் பக்கத்து வலையில் போய்க் கும்பலாக உட்கார்ந்துகொண்டன.

"ஏய், அந்தப் பக்கம் போங்கடி. அவளும் நம்ம வீட்டுப் பொண்ணுதான்" என்றாள் பூரிங். சிரித்தாள் என்றுதான் நினைத்தார்கள், கண் இரண்டும் காணாமல் போயிருந்தன. ஆனால் கன்னம் நனைந்திருந்தது.

ஒன்று வந்தது. பிறகு மூன்று. ரிஸ்ஸா "ஆ" என்றாள், கையை மட்டும் இழுக்கவில்லை.

பன்னிரண்டும் முடிய மணி பத்தரை ஆனது. வயிறு சிவந்து, நகர முடியாமல் வலையில் தொங்கிக்கொண்டிருந்த கொசுக்களோடு கூண்டுகளை ஒவ்வொன்றாக அவளே தூக்கிப் போய் உறைபெட்டியில் அடுக்கினாள். யாரையும் தொடவிடவில்லை. கதவைச் சாத்தினாள்.

ஒரு கூண்டு அழிந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். எண், தேதி, காரணம். பழைய பக்கங்களில் எறும்பு, பூஞ்சை, மின்தடை என்று விதவிதமான காரணங்கள் இருந்தன. டாக்டர் பக்கத்தில் வந்து நின்று, "காரணத்துக்கு 'வகை மாற்றம்'னு எழுதிடு" என்றார். பூரிங் பேனாவை எடுத்தாள். தன் உருண்டைக் கையெழுத்தில், பன்னிரண்டு வரிசையிலும் ஒரே காரணத்தை எழுதினாள்: ரொம்பப் பழகிவிட்டோம்.

டாக்டர் அமாதோர் படித்தார். திருத்தவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார்.